ஹார்ட்டாப்பிலிருந்து சாஃப்ட்டாப்புக்கு: துணிக்கு முன் சட்டம்

ஹார்ட்டாப்பை, அதாவது வண்டியின் கழற்றக்கூடிய கெட்டிக் கூரையை, கழற்றுவது பெரிய வேலையில்லை. தூக்க ஆளும் சரியான பிட்டும் (திருகுமுனை) இருந்தால் அரை மணி நேரத்தில் கீழே இறக்கிவிடலாம். அதற்குப் பதிலாக, மடிக்கக்கூடிய துணிக்கூரையான சாஃப்ட்டாப்பை முதல் முறையாகப் பொருத்தத்தான் அரை நாள் பிடிக்கும். அந்த நேரத்தில் பெரும்பங்கு துணிக்குப் போகாது, அதைத் தாங்கும் சட்டத்துக்குத்தான் போகும். சட்டம் கோணலாக இருந்தால் எவ்வளவு நல்ல துணியும் ஒழுகும், காற்றில் படபடக்கும், ஜிப் வாய் பிளக்கும்.

இங்கே சொல்வது ஜீப் ராங்லரின் ஜேகே தலைமுறையை (2007–2018) மனதில் வைத்து. மற்ற வண்டிகளில் போல்ட்டின் அளவும் எண்ணிக்கையும் மாறும். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

வாங்கும்போது

சாஃப்ட்டாப் இரண்டு விதமாக விற்கப்படுகிறது: சட்டத்தோடு முழு செட், அல்லது துணி மட்டும். துணி மட்டும் வருவது, ஏற்கெனவே சட்டம் வைத்திருப்பவர் பழைய துணியை மாற்றிக்கொள்வதற்கானது. ஹார்ட்டாப் மட்டும் பொருத்தி வந்த வண்டியில் அந்தச் சட்டம் இருக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று துணியை வாங்கிவிட்டு, மாட்ட இடமில்லாமல் திகைப்பது அடிக்கடி நடக்கிறது.

உங்களுக்குத் தேவையானவை இவை: துணியைத் தாங்கும் வில்கம்பித் தொகுதி, அதை ரோல் பாரில் (கவிழ்ந்தால் காக்கும், வண்டிக்குள் இருக்கும் இரும்புக் கம்பிச் சட்டம்) பிடிக்கும் பிராக்கெட்டுகள், கதவுகளுக்கு மேலே வரும் கதவுச் சட்டங்கள், அவற்றை இறுக்கும் கைத்திருகிகள், பின்பக்க டெயில்கேட் பார் (பின்கதவின் மேல் குறுக்கே வரும் கம்பி), அதை இரு மூலையிலும் பிடிக்கும் பிராக்கெட்டுகள். கடைசியில் சொன்ன பிராக்கெட்டுகள் சின்னவை என்பதால் பழைய செட் வாங்கும்போது விட்டுப்போவது பெரும்பாலும் அவைதான். பழைய கதவுச் சட்டத்தைச் சமதரையில் படுக்கவைத்துப் பாருங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் அது வளைந்த சட்டம், வேண்டாம். ஜிப்புகளை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள்.

துணியில் வினைல் (பிளாஸ்டிக் பூச்சு), ட்வில் (நெய்த துணி) என்று இரு வகை உண்டு. வினைலைத் துடைப்பது எளிது, ஆனால் குளிரில் விறைக்கும். ட்வில் மிருதுவானது, மடிக்க இணங்கும், சத்தமும் குறைவு. தினமும் ஓட்டும் வண்டி என்றால் ட்வில்தான் மேல்.

நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெப்பநிலை இந்த வேலையில் மிகவும் முக்கியம். சுமார் 22 டிகிரி செல்சியஸுக்குக் கீழே துணி சுருங்கி, அளவு தவறி வந்ததுபோலத் தோன்றும். பெட்டியில் பல நாள் மடிந்து கிடந்தாலும் அப்படித்தான். அளவில் தவறில்லை, வெயிலில் விரித்துப் போட்டால் இளகிவிடும். 5 டிகிரிக்குக் கீழே தொடவே வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல்கள் அந்தக் குளிரில் மடிப்பிலேயே விரிசல் விடும்.

ஹார்ட்டாப்பை இறக்குதல்

முன்பக்கக் கூரைத் தகடுகளை முதலில் கழற்றுங்கள். அவற்றோடு தூக்கினால் எடையும் கூடும், தகடு நழுவி விழவும் செய்யும். ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஏறியிருக்கும். மேலே இருப்பதுதான் முதலில் வர வேண்டும்.

அடுத்தது வயரிங். வண்டியை அணைத்துவிட்டு உள்ளே பின் இடது மூலையைப் பாருங்கள். பின்கண்ணாடியின் வைப்பருக்கும் சூடேற்றிக்கும் போகும் கனெக்டர் அங்கே இருக்கிறது. அதன் சிவப்புப் பூட்டை வெளியே இழுத்த பிறகே கனெக்டரைப் பிரிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கத்திலேயே கண்ணாடி கழுவும் நீர்க்குழாய் இருக்கும். அதன் பட்டனை அழுத்திக் கழற்றி, முனையில் ஒரு மூடி போடுங்கள். மூடாமல் விட்டால், என்றோ ஒருநாள் கை தவறிப் பின் வாஷரைத் தட்டும்போது தண்ணீர் முழுவதும் உள்ளே கம்பளத்தில் கொட்டும். கனெக்டர் முனையையும் தூசி புகாமல் மூடிவிடுங்கள்.

இனி போல்ட்டுகள். ஜேகேயில் டி40 டோர்க்ஸ் (நட்சத்திர வடிவ முனை) பிட். முன்கதவுகளுக்குப் பின்னால் மேலே பக்கத்துக்கு ஒன்று, மற்றவை உள்பக்க விளிம்பு நெடுக. திருகுவதற்கு முன் ஒவ்வொரு தலையிலும் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் கிண்டி எடுங்கள். மண் இருந்தால் பிட் முழுதாக உள்ளே இறங்காது, மேலோட்டமாகப் பிடித்துச் சுற்றும், நட்சத்திரக் குழி வழுக்கிப்போகும். அப்புறம் அந்த ஒரு போல்ட்டுக்கே ஒரு நாள் போகும். கை ராச்செட் போதும், இம்பாக்ட் கருவி வேண்டாம்.

டெயில்கேட்டை முழுதாகத் திறந்து, கண்ணாடியில் இடிக்காதபடி விலக்கி வையுங்கள். நான்கு கதவு வண்டியின் ஹார்ட்டாப் 60 கிலோவைத் தாண்டும். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் நிற்பது நல்லது. முதலில் ஒரு விரல் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஒரு மூலை மட்டும் வர மறுத்தால் அங்கே போல்ட்டோ வயரோ மிச்சமிருக்கிறது. எல்லா மூலையும் ஒன்றாக எழுந்தால், ரோல் பாரைத் தாண்டும் அளவுக்கு நேராக மேலே தூக்கி, அப்படியே பின்னால் நடந்து இறக்குங்கள்.

கீழே வைக்கும்போது அடிவிளிம்பு முழுவதும் சமமாகத் தாங்கப்பட வேண்டும். துணி சுற்றிய மரக்கட்டைகள் போதும். சுவரில் சாய்த்து வைத்தால் மாதக்கணக்கில் நெளிவு ஏறி, திரும்ப மாட்டும்போது போல்ட் துளைகள் பொருந்தாது.

சட்டம்

வண்டியின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, ஒட்டிக்கிடக்கும் பஞ்சு ரப்பர் துணுக்குகளைச் சுரண்டி எடுங்கள். பிறகு கதவுச் சட்டங்கள். ஹார்ட்டாப்போடு அதன் ரப்பர் பீடிங்கும் போய்விட்டது. இனி கதவின் மேல்விளிம்புக்கு ரப்பர் தருவது இந்தச் சட்டம் மட்டுமே. கைத்திருகிகளை விரலால் மட்டும் பிடிப்பாக வைத்து, கதவை மூடுங்கள். இப்போது சோதனை: ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி, இழுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் சரி. சட்டென்று வந்தால் சட்டத்தை வெளியே தள்ள வேண்டும். கிழிந்தால் அல்லது கதவு மூட அடம்பிடித்தால் உள்ளே இழுக்க வேண்டும். கதவுக்கு ஐந்தாறு இடங்களில், முக்கியமாக வின்ட்ஷீல்டு தூணோடு சேரும் மேல்மூலையில், இதைச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிடி வந்த பிறகு முழுதாக இறுக்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மழையில் தொடை நனையாமல் இருப்பது இந்தக் காகிதத் துண்டின் கையில் இருக்கிறது.

வில்கம்பித் தொகுதியை இரண்டு பேராகத் தூக்கி ரோல் பார் பிராக்கெட்டுகளில் மாட்டுங்கள். திருகுகளை முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள். ஏறிய பின் கம்பிகளை ஒருமுறை முழுதாக மடித்து விரித்துப் பாருங்கள். பின்சீட் பெல்ட் கம்பிக்கு இடையில் மாட்டிக்கொள்வது இங்கேதான். விரலும் மாட்டும், கவனம்.

துணி

துணியைச் சட்டத்தின் மேல் போர்த்தி, நடுத்தையல் வண்டியின் நடுவோடு ஒத்துப்போகிறதா என்று முன்னாலிருந்து பாருங்கள். முன் கொக்கிகளை வின்ட்ஷீல்டு வளையத்தில் மாட்டுங்கள், ஆனால் இறுக்கிப் பூட்டாதீர்கள். இப்போதே பூட்டினால் துணி முழுவதும் முன்னால் இழுபட்டு, பின்பக்கம் விரலளவு போதாமல் நிற்கும். அந்தக் குறையை ஜிப்பை இழுத்துச் சரிசெய்ய முயலும்போதுதான் பற்கள் போகின்றன.

பக்க ஜன்னலை முதலில் வெல்க்ரோவில் தற்காலிகமாக ஒட்டி, ஜிப்பைத் தொடங்கி, ஓரங்குலம் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு முன்விளிம்பின் பிளாஸ்டிக் பட்டையைக் கதவுச் சட்டத்தின் தடத்தில் மேலிருந்து கீழாக இறக்குங்கள். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால், பட்டை உட்காரும் இடத்தில் விளிம்பு மடங்கித் தட்டையாவது தெரியும். தடத்தில் உட்காராத இடம் சற்றே புடைத்து நிற்கும். அடுத்து அடிவிளிம்பு, மிச்ச ஜிப் அதற்குப் பிறகு. மற்ற பக்கமும் இதே வரிசை. பின்ஜன்னலின் அடிவிளிம்பை டெயில்கேட் பாரில் கோத்து, இரண்டு ஜிப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஓட்டி, பாரை இரு பிராக்கெட்டிலும் உட்கார வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகே முன் கொக்கிகளைப் பூட்டுங்கள்.

புதுத் துணி முதல் முறை முரசுத் தோல்போல விறைப்பாகத்தான் இருக்கும். ஓரிரு வாரம் மடிக்காமல் மேலேயே விட்டால் தன் இடத்துக்குப் பழகிவிடும்.

ஒழுகல் பார்த்தல்

ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் குழாயால் நீர் விட வேண்டும். கீழே தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. வழக்கமான இடங்கள் முன் கொக்கிகளை ஒட்டிய மூலைகள், கதவின் மேல்மூலை, டெயில்கேட் பாரின் முனைகள். கதவு மூலை என்றால் துணியைத் தொடாதீர்கள், கதவுச் சட்டத்துக்கே திரும்புங்கள். சிலிக்கான் பசையால் அடைப்பது ஒழுகலை வேறிடத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

ஓட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பக்க ஜன்னல்கள் இருக்க, பின்ஜன்னலை மட்டும் கழற்றி ஓட்டாதீர்கள். வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகையும் தூசியும் அந்த வழியாக உள்ளே இழுக்கப்படும். கவிழ்ந்தால் காப்பதும் ரோல் பாரும் சீட் பெல்ட்டும்தான். கூரை துணியோ தகடோ, அதை நம்ப முடியாது.

பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் தூசியே கீறும். நிறைய நீர், மென்மையான சோப்பு, மிருதுவான துணி போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி திரவம் அதை மங்கச் செய்யும். பிரஷ் சுழலும் கார் கழுவும் இயந்திரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மண்பாதையில் ஓடி வந்தால் முதலில் ஜிப் பற்களிலிருந்து மண்ணைக் கழுவிவிட்டு, பிறகு திறவுங்கள்.

முதல் நீண்ட ஓட்டம் முடிந்ததும் கதவுச் சட்டத்தின் கைத்திருகிகளையும் வில்கம்பித் திருகுகளையும் ஒருமுறை சோதித்து இறுக்குங்கள். கழற்றிய ஹார்ட்டாப் போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, ஹார்ட்டாப்பின் உள்பக்கமே ஒட்டி வையுங்கள்.