சூட்டில் நின்றுபோன ஃபியட் 1100: அண்ணன் சொல்லிக்கொடுத்தது

வெயிலில் கொஞ்ச தூரம் ஓடியதும் என் ஃபியட் இருமி இருமி நின்றுவிடும், ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் சூடாகி ஆவி அடைக்கிறது என்றுதான் பலரும் சொன்னார்கள். பம்பின் மேல் ஈரத்துணி போட்டும் பலனில்லை.

அப்புறம்தான் சமீபத்தில் காலமான எங்கள் கிளப் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே இந்த 1089 சிசி இன்ஜினை விரட்டியவர், 1990-ல் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வந்த பிறகும் விடவில்லை, எல்லாம் சொந்த சம்பளத்தில். பரிசைவிட, புதுப் பையன்களின் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதில்தான் அவருக்கு சந்தோஷம். அப்படி ஒரு மனிதர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். "சூட்டில் நின்றால் முதலில் ஸ்பார்க்கைப் பாருப்பா" என்பார்.

சரி, வண்டி நின்ற இடத்திலேயே காயிலிலிருந்து (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) வரும் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து (அதை ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பிரித்துத் தருவது) கழற்றி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் இன்ஜின் பிளாக் அருகே பிடித்துக்கொண்டு நண்பரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நீலமாகப் பளிச்சென்று வர வேண்டிய ஸ்பார்க் மஞ்சளாக, மெலிதாக வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், காயிலுக்கு வரும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் கருகியிருந்தது. பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் சூட்டில் செயலிழந்தால் இப்படித்தான் ஆகும். கண்டென்சர், பாயிண்ட் இரண்டையும் மாற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்தேன். இப்போது மே மாத வெயிலிலும் நிற்கவில்லை. புதிதாக வரும் கண்டென்சர்களில் தரம் குறைந்தவை நிறைய இருக்கின்றன, அதனால் ஓட்டிப் பார்த்த ஒன்றை ஸ்பேராக வண்டியிலேயே வைத்திருங்கள்.