ஓவர் ஸ்பீடு சலான் வந்துவிட்டதா? கட்டுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

பள்ளிகொண்டாவில் டீ குடிக்க நிறுத்தியிருந்தேன், போனில் மெசேஜ் வந்தது. ஓவர் ஸ்பீடு, ஆயிரம் ரூபாய். நாலு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, பொய்கை தாண்டி வேலூர் பக்கம் வரும்போது 94ல் வந்தேனாம், அங்கே 80தான் அனுமதியாம். முதலில் வந்தது கோபம். என்னை ஓரங்கட்டிவிட்டுப் பறந்த வண்டி எத்தனை, அதையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்களே என்று. டீக்கடையிலேயே மச்சானுக்கு போன் போட்டேன். "இன்னா மச்சான், நீ போனது 94தானே, அப்புறம் இன்னாத்துக்குக் கத்துற?" என்றான். அவன் கேட்டது சரிதான், ஆனால் பதிலுக்குக் கேட்க என்னிடமும் சில கேள்விகள் இருந்தன. அந்த நாலைந்து நாளில் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன், உங்களுக்கும் ஒருநாள் அந்த மெசேஜ் வரும்.

முதலில் மெசேஜ் உண்மையா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் போக்குவரத்து சலான் என்று பெயர் வைத்து ஒரு ஆப் ஃபைலை அனுப்புகிறார்கள். அதை இன்ஸ்டால் செய்தால் போன் அவர்கள் கைக்குப் போய்விடும், பேங்க் ஓடிபி உட்பட. அரசு எந்த ஃபைலும் அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்வதில்லை. லிங்க்கைத் தொடாதீர்கள். நீங்களாக இ-சலான் பரிவாகன் இணையதளத்துக்குப் போய் (முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்கான "ஜிஓவி டாட் இன்" இருக்க வேண்டும்) வண்டி நம்பரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே இல்லாத சலானுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இருக்கிறதா? சரி, அடுத்து போட்டோ. பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி உங்களுடையதுதானா, கலர், மாடல் பொருந்துகிறதா, டி.என். 23க்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் சரியா. சேறு படிந்த நம்பர் பிளேட்டில் 3 எது, 8 எது என்று மனிதனுக்கே தெரியாது, கேமராவை என்ன சொல்வது.

இனிமேல்தான் முக்கியமான இடம், பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவோ ஸ்பீடு கன்னோ வைத்துப் போடுகிற வழக்குக்கு அது நிபந்தனை போடுகிறது. சம்பவம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அதில் போட்டோ, கருவி காட்டிய வேகம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். "இங்கே கேமரா இருக்கிறது" என்று சாலையில் முன்கூட்டியே போர்டும் வைத்திருக்க வேண்டும். கருவியே இல்லாமல், "பார்த்தாலே தெரிந்தது, வேகமாத்தான் வந்தான்" என்று ஒரே ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து இந்தக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது, மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது.

இவற்றில் எது குறைந்தாலும் ஆட்சேபம் எழுதலாம். இணையதளத்திலேயே புகார் பகுதி இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டோடு போடுங்கள். அதில் வேலை நடக்காவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம். கெடு எவ்வளவு என்பது சலானிலேயே இருக்கும், அதைத் தாண்ட விடாதீர்கள். சும்மா விட்டுவிட்டால் பிறகு ஆர்.சி. பெயர் மாற்றவோ எஃப்.சி. எடுக்கவோ போகும்போது வந்து நிற்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் அந்த இடத்துக்கே போனேன். சாலையோரம் ஒரு வேப்பமரம், அதன் கிளை 80 போர்டின் மேல் பாதியை மூடியிருந்தது. கீழே வட்டத்தின் சிவப்பு விளிம்பு மட்டும் பிறை மாதிரி தெரிந்தது, கம்பத்தில் யாரோ ஒட்டிய மஞ்சள் நீராட்டு விழா போஸ்டர் வேறு. எனக்கு ஒரே குஷி. நாலு கோணத்தில் போட்டோ எடுத்தேன். மச்சான் ஒன்றும் பேசாமல் வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்து போய் அங்கிருந்து கையைக் காட்டினான். அங்கே இன்னொரு போர்டு, பளிச்சென்று, மறைப்பே இல்லாமல். அதற்கும் முன்னால் கேமரா எச்சரிக்கை போர்டு. இரண்டையும் தாண்டித்தான் நான் 94ல் வந்திருக்கிறேன்.

கட்டிவிட்டேன். உங்கள் விஷயத்திலும் போர்டு, போட்டோ, தேதி எல்லாம் சரியாக இருந்தால் சண்டை போடாமல் கட்டிவிடுங்கள், நேரமாவது மிச்சம். கார், பைக்குக்குப் பெரும்பாலும் ஆயிரம்தான் வரும். சட்டத்தில் இலகுரக வண்டிக்கு 1000 முதல் 2000 வரை, லாரி, பஸ்ஸுக்கு 2000 முதல் 4000 வரை. 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவை அதிகபட்சமே 400 ரூபாய்தான். இரண்டாவது தடவை சிக்கினால் பணத்தோடு போகாது, லைசென்ஸிலும் கை வைப்பார்கள்.

நியாயமா என்று கேட்டால் எனக்கு இரண்டு மனசு. வேக வரம்பு நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் ஊர் சாலை வடிவமைப்புக் கணக்குப்படி, ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து, புரிந்து, பிரேக் பிடித்து நிற்க 60ல் 80 மீட்டர் வேண்டும், 80ல் 120, 100ல் 180. 80க்கு மேல் 20 கிலோமீட்டர் கூட்டினால் 60 மீட்டர் கூடுதலாக ஓடிப்போய்த்தான் வண்டி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தை நாள், மாட்டைக் கயிற்றில் பிடித்தபடி பெரியவர் ஒருவர் ரோட்டைக் கடந்தால் அந்த 60 மீட்டரில்தான் அவர் இருப்பார். லாபம் எவ்வளவு? வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்று வையுங்கள், 80ல் போனால் 37 நிமிடம் சொச்சம், 100ல் போனால் 30. ஒரு டீ குடிக்கிற நேரம்.

ஃபைன் தொகைதான் எனக்கு உறுத்துகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்கு ஆயிரம் என்பது ஒன்றிரண்டு நாள் கூலி, பெரிய கார் வைத்திருப்பவருக்கு ஒருவேளைச் சாப்பாட்டு பில். பின்லாந்தில் வருமானத்தை வைத்து அபராதம் போடுகிறார்கள். 2002ல் நோக்கியா கம்பெனியின் உயர் அதிகாரி ஆன்சி வான்யோக்கிக்கு, 50 போக வேண்டிய இடத்தில் 75ல் பைக் ஓட்டியதற்காக 1,16,000 யூரோ போட்டார்கள். இங்கே அப்படி வரப்போவதில்லை, தெரியும்.

இன்னொரு அநியாயமும் உண்டு, அதைச் சரிசெய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. கம்பெனி வேன் டிரைவரிடம் "ஏழரைக்குள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கு, லேட்டானால் சம்பளம் கட்" என்கிறார்கள், தனியார் பஸ்ஸில் டைமிங் என்கிறார்கள். டிரைவர் மட்டும் மாட்டுகிறார். ஆனால் அதே 183ஆம் பிரிவு, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டவைத்த முதலாளிக்கும் அபராதம் என்கிறது. வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்தை அட்டவணையாகப் போட்டாலோ உத்தரவாகச் சொன்னாலோ அதையே முதல்நிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். டிரைவராக இருந்தால் ஓனர் அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள்.

ஃபைனால் பலன் இருக்கிறதா? 2022ல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள், அதில் 71 சதவீதம் அதிவேகத்தால் என்று மத்திய அரசு அறிக்கை சொல்கிறது, இத்தனைக்கும் ஃபைனை உயர்த்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. தொகையைக் கூட்டினால் பயம் வரும் என்பது பாதிதான் உண்மை. மாட்டவே மாட்டோம் என்று நினைப்பவனுக்குப் பத்தாயிரம் என்றாலும் ஒன்றுதான். ஹைவேயில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டுவார், "முன்னாடி ஸ்பீடு கன் நிக்குது" என்று அர்த்தம். எல்லோரும் நல்ல பிள்ளையாக 70க்கு வருவார்கள், அரை கிலோமீட்டர் தாண்டியதும் பழையபடி. அதைவிட ஊருக்குள் ஒழுங்காகப் போட்ட வேகத்தடை நன்றாக வேலை செய்கிறது. ஒழுங்கு என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம், அதுதான் கணக்கு. நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டைக் கொட்டி எழுப்புகிற குட்டிச்சுவர் அதில் சேராது, அது இடுப்பு எலும்புக்குத்தான் ஃபைன்.

கடைசியாக ஒரு வேலை. போர்டு மறைந்திருந்தால், பள்ளிக்கூடம் பக்கம் போர்டே இல்லை என்றால், திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்வு நாளில் மனு கொடுங்கள். இடம், எந்தப் பக்கமாகப் போகும்போது தெரியவில்லை, இரண்டு போட்டோ, அவ்வளவு போதும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், ரசீது மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அந்த வேப்பங்கிளைக்காகக் கொடுத்தேன். மச்சான் சிரித்தான். ஒரு மாதத்தில் வெட்டிவிட்டார்கள், இப்போது 80 முழுசாகத் தெரிகிறது. அங்கே வரும்போது ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாக எழும்புகிறது. வேலூர் பாலம் ஏறும்போது மீட்டரைப் பார்த்தால் சில நாள் மறுபடி 90ல் நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.