கேம்பர் வேன் பயணத்தில் ஒரு நாள் மலையேற்றம்: முதல்முறை போகிறவர்களுக்கு

படுக்கையும் அடுப்பும் மலையடிவாரம் வரை கூடவே வருவது கேம்பர் வேனின் சௌகரியம். ஆனால் எவ்வளவு உயரம் ஏறினாலும் வேன் நிற்கிற இடத்துக்கே இறங்கி வந்தாக வேண்டும். எல்லாத் திட்டமும் இதை வைத்துத்தான்.

படி 1: பாதையைத் தேர்ந்தெடுங்கள்
மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் பாதைகள் வேண்டாம். சுற்றுப்பாதை சரி, போன வழியே திரும்பும் பாதை இன்னும் நல்லது. கால் வலித்தால் எந்த இடத்திலும் "போதும்" என்று திரும்பிவிடலாம்.

படி 2: நேரத்தைக் கணக்கிடுங்கள்
புதியவர்கள் தூரத்தை மட்டும் பார்ப்பார்கள், ஏற்றத்தைப் பார்ப்பதில்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர 10 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் என்றால் 3 மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கு. சாப்பாடு, ஓய்வு, போட்டோ எல்லாம் சேர்த்து நாலரை மணி என்று வையுங்கள். பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் பிடிக்கும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் கீழேயே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் யாருக்கும் திரும்ப மனசு வராது!

படி 3: வேனை நிறுத்துங்கள்
இரவு தங்க அனுமதி உண்டா என்று பார்த்து, சமதளத்தில், முன்பக்கம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கிளம்பும்முன் ஹேண்ட்பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை. சிலிண்டர் வால்வையும் கூரை ஜன்னலையும் மூடுங்கள். மாற்றுச்சாவி கூட வருபவரிடம் இருக்கட்டும்.

படி 4: பையைக் கட்டுங்கள்
"எல்லாம்தான் வேனில் இருக்கிறதே" என்ற தைரியத்தில் வெறுங்கையோடு ஏறாதீர்கள். மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், தின்பண்டம், மழைக்கோட்டு, டார்ச், இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிர்ந்துவிடும், ஸ்வெட்டரும் வேண்டும். ஒரு விசில்: ஆபத்தென்றால் நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுங்கள்.

படி 5: நடங்கள்
பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். குதிகாலில் லேசாகச் சூடு தெரிகிறதா? அப்போதே ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, டேப் ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பெரிய பலனில்லை. இறங்கும்முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்குங்கள். இல்லையென்றால் பாதம் முன்னால் வழுக்கி விரல் நகம் இடிபடும்.

படி 6: திரும்பியதும்
முடிந்தால் அன்றிரவும் அங்கேயே தங்குங்கள். தளர்ந்த காலோடு மலைச்சாலையில் கனமான வேனை இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறக்கியே ஆக வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறங்குங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி, நன்றாக ஆறவிட்டுக் கிளம்புங்கள்.