தீப்பாறையைப் படிக்கலாம் வாங்க: படிகத்திலிருந்து தாது வரை

மாக்மா, அதாவது பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, குளிர்ந்து இறுகினால் தீப்பாறை. ஆனால் அது ஒரே மூச்சில் இறுகுவதில்லை. கனிமங்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து வருகின்றன. அந்த வரிசை பிடிபட்டுவிட்டால் குரோமியம் ஏன் ஒரு பாறையிலும் லித்தியம் ஏன் வேறொரு பாறையிலும் கிடைக்கிறது என்பது தானாகப் புரியும். தேவையானது 10 மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ்தான்.

படி 1: படிகத்தின் அளவு

புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்; வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு ஏமாற்றும். படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தால், ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த பாறை: கிரானைட், காப்ரோ. தெரியாவிட்டால், லாவாவாக வெளியே வந்து சீக்கிரம் குளிர்ந்தது: பசால்ட், ரயோலைட். நுண்ணிய மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் கிடந்தால், ஆழத்தில் கொஞ்ச காலம் குளிர்ந்து, அப்புறம் வேகமாக மேலேறியிருக்கிறது.

படி 2: நிறம்

கருமை என்றால் பெரும்பாலும் இரும்பும் மக்னீசியமும் அதிகம். வெளிறிய நிறம் என்றால் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) அதிகம். பசால்ட்டில் சிலிக்கா 45–52 சதவீதம், கிரானைட்டில் சுமார் 70. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி கருப்புதான், ஆனால் சிலிக்கா நிறைந்தது.

படி 3: கனிமங்களின் வரிசை

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். 1920-களில் பாறையியலாளர் நார்மன் போவென் ஆய்வகத்தில் பாறையை உருக்கிக் குளிரவைத்து இந்த வரிசையை விளக்கினார். சூடான பசால்ட் மாக்மாவில் ஆலிவின் முதலில் வரும். பிறகு பைராக்சீன், ஹார்ன்பிளண்ட், பயோடைட். கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். முதலில் வந்த கனமான படிகங்கள் அடியில் தங்கிவிட்டால், மிஞ்சிய குழம்பில் மக்னீசியம் குறையும், சிலிக்காவும் நீரும் கூடும். ஒரே மாக்மா பல பாறைகளாவது இப்படித்தான். அதற்காக எல்லா கிரானைட்டும் பசால்ட்டின் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கிரானைட் திரள்கள் பலவும் கண்ட மேலோடு உருகியதால் உண்டானவை.

படி 4: தாது எங்கே?

சரி, இப்போது அதே வரிசையில் தாதுவைத் தேடுவோம். தொடக்கத்திலேயே படிகமாகும் குரோமைட் என்ற குரோமியத் தாது, அடுக்கடுக்காகச் சேரும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் சுமார் 205 கோடி ஆண்டு பழைய அடுக்குகள் இதற்குச் சாட்சி. மாக்மாவில் கந்தகம் அளவுக்கு மீறினால், தண்ணீரில் எண்ணெய் பிரிவதுபோல் சல்ஃபைடு (கந்தகச் சேர்மம்) துளிகள் தனியே பிரியும். நிக்கல், செம்பு, பிளாட்டினம் எல்லாம் அந்தத் துளிகளுக்குள் போய்விடும். ரஷ்யாவின் நோரில்ஸ்க் இந்த வகை.

லித்தியம், பெரிலியம், டான்டலம் ஆகியவற்றுக்கு முதலில் வரும் கனிமங்களின் கட்டமைப்பில் இடமில்லை. அவை கடைசிக் குழம்பில் சேர்ந்து, மிகப் பெரிய படிகங்கள் கொண்ட பெக்மடைட் என்ற தீப்பாறையில் வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில் தோண்டும் ஸ்போடுமீன் அப்படிப்பட்ட லித்தியக் கனிமம்.

பெக்மடைட்டில் படி 1-இன் விதி செல்லாது. அங்கே படிகம் பெரிதாக வளர்வதற்கு மெதுவான குளிர்ச்சி கட்டாயமில்லை. குழம்பில் உள்ள நீரே அணுக்களை எளிதாக நகரவிடுகிறது. பெரும்பாலான பெக்மடைட்டுகளில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா தவிர வேறு பெரிதாக எதுவும் இருக்காது. ஆகவே படிகத்தின் அளவில் மயங்காமல், எந்தக் கனிமம் என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.