மயஸ்தீனியா கிராவிஸ்னு சொல்லிட்டாங்களா? முதல் கொஞ்ச மாசத்த இப்படி சமாளிங்க

எனக்கு வந்திருக்கறது என்னன்னு தெரியவே ஒன்றரை வருஷம் ஆச்சு. காலைல எல்லாம் நல்லா இருக்கும், சாயங்காலம் ஆனா இடது கண்ணு இமை தொங்கிடும், எதிர்ல நிக்கற ஆள் ரெண்டா தெரிவாங்க, சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தாடை ஓஞ்சு போயிடும். ஆனா டாக்டர பாக்கறது எப்பவும் காலை 10 மணிக்கு, அந்த நேரத்துல என்ன பாத்தா ஒரு குறையும் தெரியாது, அதனால டென்ஷன், தூக்கம் பத்தல, மனசுல தான் ஏதோன்னு சொல்லி அனுப்பிட்டே இருந்தாங்க. கடைசில ஒரு நியூரோ டாக்டர் "அப்படியே மேல பாத்துட்டே இருங்க"ன்னு ரெண்டு நிமிஷம் உக்கார வச்சாரு, இமை தானா இறங்குச்சு. வெளில வந்து அழுதேன், நோய நினைச்சு இல்ல, நான் பொய் சொல்லலன்னு ஆச்சே, அதுக்கு.

முதல்ல இது என்னன்னு தெளிவா புரிஞ்சுக்கோங்க. நரம்பும் நல்லா தான் இருக்கு, தசையும் நல்லா தான் இருக்கு. நரம்பு அனுப்புற அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனத்த தசை வாங்கிக்கற இடத்த நம்ம உடம்பே ஆன்டிபாடி (எதிர்ப்பு புரதம்) செஞ்சு அடைச்சு அழிக்குது. அதனால தான் உபயோகிக்க உபயோகிக்க பலம் இறங்குது, ஓய்வு குடுத்தா திரும்ப வருது. உடம்பு முழுக்க பரவினவங்கள்ல சுமார் 85 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி ரத்தத்துல தெரியும், மத்தவங்களுக்கு தெரியாது, அதுக்காக நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, மஸ்க்னு இன்னொரு ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு, நரம்புக்கு லேசா கரண்ட் குடுத்து தசை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற ஈஎம்ஜி இருக்கு, அதையும் கேளுங்க. மார்புல ஒரு சிடி ஸ்கேன் கண்டிப்பா எடுப்பாங்க, ஏன்னா 100 பேர்ல 10, 15 பேருக்கு நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கற தைமஸ்ங்கற சுரப்பில கட்டி இருக்கும்.

அடுத்த வேலை, போன்ல வீடியோ எடுக்கறது. சாயங்காலம் மோசமா இருக்கும்போது முகத்த எடுங்க, பேச்சு குழறும்போது பேசி எடுங்க, தேதி நேரத்தோட வைங்க. டாக்டர் நம்மள பாக்கறது பத்து நிமிஷம், மிச்ச நாள் முழுக்க என்ன நடக்குதுன்னு காட்ட வேற வழி இல்ல.

மாத்திரை விஷயத்துல நேரம் தான் எல்லாம். தசைக்கு தற்காலிகமா பலம் குடுக்கற பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டா அரை மணிலேர்ந்து ஒரு மணி நேரத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், மூணு நாலு மணி நேரம் தாங்கும், அவ்வளவு தான். அதனால மெல்றது முழுங்கறது கஷ்டமா இருக்கறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டு, அது ஏறின நேரத்துல சாப்பிட உக்காருங்க. நான் போன்ல அலாரம் வச்சிருக்கேன், குளிக்கறது, படி ஏறுறது, முக்கியமா யார்கிட்டயாவது பேச வேண்டியது எல்லாத்தையும் அந்த நேரத்துக்குள்ள வச்சுக்குவேன். பலம் பத்தலையேன்னு நீங்களா ஒரு மாத்திரை கூட போடாதீங்க, அளவு மீறினா எச்சில் ஊறும், வயிறு போகும், தசை துடிக்கும், அதுக்கு மேல போனா அதுவே பலவீனத்த கொண்டு வரும்.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சா முதல் ரெண்டு வாரத்துல நோய் கொஞ்சம் கூடிட்டு அப்புறம் தான் குறையலாம், இத எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல, மருந்து ஒத்துக்கலன்னு நானே நிறுத்தப் பாத்தேன். ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தறது ஆபத்து. அந்த ரெண்டு வாரம் கூட ஒருத்தர் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. கூட, நோய் எதிர்ப்பு சக்திய அடக்கற அசதையோபிரின் மாத்திரை குடுத்தா பலன் தெரிய பல மாசம் ஆகும், ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆகலையேன்னு மனசு விட்றாதீங்க. சுகர், பிபி, கண்ணு, எலும்பு செக்கப் எல்லாம் தவறாம பண்ணுங்க.

இப்ப சொல்றத தயவுசெஞ்சு எழுதியே வச்சுக்கோங்க. வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல் டாக்டரா இருந்தாலும், ஊசி மாத்திரைக்கு முன்னாடி நோயோட பேர சொல்லுங்க. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக், ட்ரிப்ஸ்ல ஏத்தற மெக்னீசியம், குயினைன், பிபிக்கு குடுக்கற பீட்டா பிளாக்கர், போடாக்ஸ் ஊசி, இதெல்லாம் நோய மோசமாக்கலாம். சில சமயம் வேற வழி இல்லாம குடுப்பாங்க, அப்பவும் தெரிஞ்சு குடுக்கறது வேற, தெரியாம குடுக்கறது வேற. ஆபரேஷன்னா மயக்க மருந்து டாக்டருக்கு கட்டாயம் தெரியணும்.

எல்லாத்துலயும் பயப்பட வேண்டியது மூச்சு ஒண்ணு தான். நல்லா இருக்கற நாள்ல ஒரே மூச்சுல சத்தமா 1, 2, 3ன்னு எவ்வளவு தூரம் எண்ண முடியுதுன்னு குறிச்சு வைங்க. அது இறங்கிட்டே வந்தாலோ, 20ஐ தாண்ட முடியலன்னாலோ, மல்லாக்க படுக்க முடியலன்னாலோ, தண்ணி முழுங்கினா புரை ஏறினாலோ, சளிய இருமி துப்ப தெம்பு இல்லன்னாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டுதேன்னு நம்பி உக்காராதீங்க, இந்த நோய்ல ஆக்சிஜன் கடைசில தான் இறங்கும். சீக்கிரம் போனா பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்துல இருந்து அந்த ஆன்டிபாடிய பிரிச்சு எடுக்கறது), ஐவிஐஜி (மத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடிய ட்ரிப்ஸ்ல ஏத்தறது)ன்னு மீட்டெடுக்க வழி இருக்கு. காய்ச்சல், சளி, நெஞ்சுல இன்ஃபெக்ஷன் வந்த வாரம் இன்னும் கவனமா இருங்க, பெரும்பாலும் அதெல்லாம் தான் இந்த மூச்சு பிரச்சனைய தூண்டி விடும்.

வெயில், சுடுதண்ணி குளியல் எனக்கு ஆகாது, பலருக்கும் அப்படித்தான்.

வீட்ல இருக்கறவங்களுக்கு சொல்லும்போது "முடியல"ன்னு மட்டும் சொன்னா சோம்பல்னு எடுத்துப்பாங்க, அந்த வீடியோக்கள அவங்களுக்கும் காட்டுங்க. சிரிச்சா முகம் உறுமற மாதிரி ஆகறது, குரல் மூக்குல பேசற மாதிரி போறது, ரெண்டும் நோய் தான்னு சொல்லிடுங்க. மோசமாகும்போது போன்ல பேச குரலே வராது, அதனால பக்கத்துல இருக்கற ஒருத்தரோட முன்னாடியே ஒரு அடையாளம் பேசி வச்சுக்கோங்க. எங்களுக்கு அது வெறும் 1. அந்த மெசேஜ் போனா என் தங்கச்சி என்ன ஏதுன்னு கேக்காம வண்டிய எடுத்துட்டு வந்துடுவா, இதுவரைக்கும் ரெண்டு தடவ வந்திருக்கா.