மாரியில் அடைத்த காது
மாரி தொடங்கினால் கல்லடியில் எங்கள் பின்னறைச் சுவர், அலுமாரிக்குப் பின்னால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே படுத்தால் மூக்கடைப்பு. பிறகு வலது காதில் பஞ்சு வைத்தது போல மந்தம், இரவில் ‘ஙொய்’ என்று இரைச்சல். நரம்பு போச்சு என்று வீட்டில் ஒரே பயம். காது மூக்கு தொண்டை டொக்டர் கேட்டல் சோதனை செய்துவிட்டு, நரம்பு நல்லா இருக்கு என்றார். ஒவ்வாமையால் மூக்கு வீங்கி, நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் அடைத்திருக்காம். ஸ்பிரே தந்தார்.

சுவரை மட்டும் கழுவி வேலையில்லை. ஈரம் வெடித்த கூரைப் பீலியால் வந்தது, பீலியை மாற்றினோம். ஊறிய பூச்சைக் கொத்திக் காயவிட்டு, மாஸ்க் போட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்தேன். (குளோரினோடு வினாகிரி கலக்கச் சொல்லுவார்கள், வேண்டாம், நச்சு வாயு வரும்.) மெத்தையை எறிந்தாச்சு. அலுமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அடைப்பு விட்டது, தடிமன் வந்தால் மட்டும் இரைச்சல் எட்டிப்பார்க்கும்.