கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பு பார்க்க வருகிறீர்களா?

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில்தான் ஊருக்கு வருகிறார்கள். அப்போது கோவை பார்க்க அவ்வளவு அழகு. காலையில் இதமான குளிர், மேற்கே தெளிவாகத் தெரியும் மலை, மழை முடிந்து பச்சைப்பசேலென்று நிற்கும் தோட்டங்கள். வந்த வாரத்திலேயே வடவள்ளிப் பக்கமோ துடியலூர்ப் பக்கமோ ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்றைக்கு நன்றாக நடமாடும் உங்களுக்காக அந்த வீட்டைப் பார்க்காதீர்கள். எண்பது வயதில், ஒருவேளை துணையையும் இழந்து, கட்டிலோடு இருக்கப்போகும் உங்களுக்காகப் பாருங்கள்.

முதலில் பருவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் கோவையின் வெயிலைத் தணிக்கிறது. அதே காற்று ஆனி, ஆடியில் கதவையும் ஜன்னலையும் அறைந்து சாத்தும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மூட்டுவலியும் இளைப்பும் உள்ளவர்களுக்கு அந்த மாதங்கள் சிரமம். சித்திரை வெயிலில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டுமா, அறைக்குள் மின்விசிறிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். முடிந்தால் ஒருமுறையாவது ஏப்ரலிலோ ஜூலையிலோ வந்து பாருங்கள்.

இடம் என்றதும் பலர் மலையடிவாரத்தைத்தான் தேடுகிறார்கள். தொண்டாமுத்தூர், நரசீபுரம், தடாகம் பக்கமெல்லாம் காட்டு யானைகள் தோட்டத்துக்குள் வந்துபோகும் ஊர்கள். விடியற்காலை நடைப்பயிற்சி இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள், வேலி எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்கு மேல் வெளியே விடுவார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடமே விசாரியுங்கள். அதைவிட முக்கியம் ஆஸ்பத்திரி. கேஎம்சிஎச், பிஎஸ்ஜி, அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாம் அவிநாசி சாலைப் பக்கம். எலும்பு முறிவுக்குப் பேர்பெற்ற கங்கா மருத்துவமனை மேட்டுப்பாளையம் சாலையில். மேற்கே குடியிருந்தால் ஊரைக் கடந்துதான் அவிநாசி சாலைக்குப் போக வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நம்பாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டாக்சி பிடித்து நீங்களே போய்ப் பாருங்கள்.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசியை நினைத்துக்கொண்டு வருவீர்கள், ஆனால் புறநகரில் பல இடங்களில் புழக்கத்துக்கு போர்த் தண்ணிதான். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் லாரித் தண்ணிக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டால் மேனேஜர் சொல்லும் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்குள் போகலாம். மாதிரி வீட்டைக் காட்டும்போது சோபாவையும் பால்கனியையும் விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போங்கள். அவசர மணிக்கு ஒரு கயிறு தொங்கும். அது தரை வரை வர வேண்டும், ஏனென்றால் வழுக்கி விழுந்தவர் கிடப்பது தரையில். கூட்டித் துடைக்க இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மேலே முடிந்து வைத்திருந்தால், அந்த இடத்தில் யாரும் முதியவரை நினைத்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. சக்கர நாற்காலி வாசலில் இடிக்காமல் நுழைய வேண்டும், லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் மடக்காமல் முழு நீளத்தில் போக வேண்டும்.

அங்கேயே விருந்தினர் அறையில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். தங்கும்போது ஒரு நாள் நடுராத்திரி அந்த மணியை அடியுங்கள். வருவது நர்ஸா, தூக்கக் கலக்கத்தில் வாட்ச்மேனா, எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று பார்த்தால் போதும்.

அடுத்து கேட்க வேண்டியது, கேட்கச் சங்கடமானது. படுத்த படுக்கையானால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா? மறதி நோய் வந்தால்? ஆயா வைத்துக்கொண்டால் அவருக்குச் சம்பளமும் சாப்பாடும் யார் பொறுப்பு? “அதெல்லாம் பாத்துக்கலாங்க சார்” என்ற பதிலை ஏற்காதீர்கள், ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். இறந்துபோனால் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பிள்ளைகள் டொராண்டோவிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ வந்துசேரும் வரை ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு உண்டா, சடங்குகளை வளாகத்துக்குள் செய்யலாமா, சுடுகாட்டு ஏற்பாட்டை யார் பார்ப்பார்கள்? நல்ல நிர்வாகம் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

சாப்பாடு விஷயத்தில் கொங்குக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவம் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து ஆக்கிப் பழகியவர்கள், சொந்த வீட்டுக்குள் சமைக்கலாமா, வெளியிலிருந்து வரவழைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளுப் பருப்பும் எப்போதாவது போடுவார்களா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். கடைசிக் காலத்தில் நாக்குக்குப் பழகிய சோறு வேண்டும் என்றுதானே ஊருக்கே வருகிறோம்.

மேனேஜர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பாட்டியம்மா என்னிடம் சொன்னார்: “சோறெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க கண்ணு. ஏழரைக்கே எல்லாரும் சாப்புட்டுக் கதவச் சாத்திக்கறாங்க. அதுக்கப்புறம் பேச ஒரு ஆளில்லீங்க.” இந்தத் தகவல் எந்த விளம்பரத்திலும் வராது. இங்கே சென்னை, மும்பை, கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நிறைய. அவர்களோடு பேசிப் பழக உங்களுக்குப் பிடிக்குமா என்பதைத் தங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பத்திர விஷயம் சுருக்கமாக. புதுத் திட்டமென்றால் தமிழ்நாடு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே பார்க்கலாம். மலையோரக் கிராமமென்றால் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி தேவைப்படும் இடமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்கள் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. அதனால் “தோட்டத்தோடு வில்லா” என்றால் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி வாங்க இயலாது, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்குப் பவர் எழுதிக்கொடுப்பதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெறுங்கள். அந்தப் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

கட்டியவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர் என்பது இங்கே சகஜம். நடத்துபவர் விலகிக்கொண்டால் சமையலும் நர்ஸும் என்ன ஆகும்? மத்திய அரசு 2019இல் வெளியிட்ட முதியோர் குடியிருப்பு மாதிரி நெறிமுறைகள், கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து போடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைச் சொல்கின்றன. அப்படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், ஜிஎஸ்டி சேர்த்தா, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போனால் சாப்பாட்டுக் காசைக் கழிப்பார்களா, பின்னால் பிள்ளைகள் விற்க வந்தால் வாங்குபவருக்கான வயது வரம்பும் பெயர் மாற்றக் கட்டணமும் என்ன என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

என் யோசனை, முதல் ஒரு வருஷம் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருங்கள். ஒத்துவராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். கிரயம் முடித்துவிட்டால் அது நடக்காது.

அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று: முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக இந்தியாவில் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தராது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும், இங்கே எடுக்கும் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். நிரந்தரமாகத் திரும்ப இன்னும் மூன்று வருஷம் இருக்கும்போதே பாலிசி எடுக்க முடியுமா என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.